குருவித் தீனியும் அணிற்பிள்ளையும்: கேள்வி பதில்

கேள்வி (கே.கே. நகர்): ஐயா, ‘அணில் நுழையாது’ என்ற விளம்பரத்தை நம்பிக் கம்பிவலை சூழ்ந்த வெளிநாட்டுத் தீனிக்கூண்டு ஒன்றை வாங்கி மாட்டினேன். அணில் அதற்குள்ளேயே உட்கார்ந்து தின்கிறது. கூண்டில் ஏதும் குறையா?

பதில்: கூண்டில் குறையில்லை, அது வேறோர் அணிலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோட்டங்களில் திரியும் சாம்பல் அணில் 400 முதல் 600 கிராம் வரை எடையுள்ளது. அதைத் தடுத்துச் சிறு குருவிகளை மட்டும் உள்ளே விடும் அளவில் வலையின் கண் அமைந்திருக்கும். நம்முடைய மூன்று வரி அணிலோ ஏறத்தாழ 100 கிராம்தான் என்பதால், குருவி நுழையும் கண்ணில் அதுவும் நுழைந்துவிடும். எடை கூடினால் தானே மூடிக்கொள்ளும் கூண்டுகளின் கதை இன்னும் வேடிக்கையானது. புள்ளிப்புறா அணிலைவிடக் கனமானது. மைனாவும் கிளியும் ஏறக்குறைய அணிலின் எடையே. ஆகவே அணிலுக்கு மூடும்படி ஸ்பிரிங்கைத் திருத்தினால் புறாவும் கிளியும் பட்டினி கிடக்க, சிட்டுக்குருவி மட்டுமே மிஞ்சும். நம் அணிலைக் கூண்டில் தடுக்க முடியாது. கூண்டுக்கு வரும் பாதையில்தான் தடுக்க வேண்டும்.

கேள்வி (திருநகர்): பாதையில் தடுப்பது எப்படி? நான் வேப்பமரக் கிளையில் நைலான் கயிறு கட்டித் தட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பதில்: அம்மா, அந்தக் கயிறுதான் அதற்கு ஏணி. ஒருநாள் காலையில் சற்று நின்று பாருங்கள்: தலைகீழாக இறங்கி, பின்னங்கால் நகங்களைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, முன்னங்கால்கள் இரண்டாலும் தானியத்தை எடுத்து உருட்டி உமி நீக்கித் தின்னும். அலுத்துப்போனால் கயிற்றையே கடித்து அறுத்துத் தட்டைக் கீழே தள்ளும்.

தென்னந்தோப்புகளில் எலி ஏறாதிருக்க மரத்தைச் சுற்றித் தகரம் அடிப்பதைச் சோழவந்தான் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். வழவழப்பான தகரத்தில் நகம் பதியாது என்பதே அதன் சூட்சுமம். ஆனால் அடுத்த மரத்தின் மட்டை உரசினால் தகரம் அடித்தும் பயனில்லை. உங்களுக்கும் அதே கணக்குத்தான். திறந்த இடத்தில் ஆறடி உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் தட்டைப் பொருத்துங்கள். ஒன்றரை அடி அகலமுள்ள எவர்சில்வர் பேசினின் நடுவே துளையிட்டு, தட்டுக்கு ஓரடி கீழே குழாயில் கவிழ்த்து மாட்டுங்கள். ஏறிவரும் அணில் பேசினின் உட்புறத்தில் முட்டித் திரும்பிவிடும். சுவர், கிளை, துணி உலர்த்தும் கொடி ஆகிய எதுவும் எட்டுப் பத்தடிக்குள் இருக்கக் கூடாது. மூன்று சென்ட் மனையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அப்படியானால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மெல்லிய கம்பி இழுத்து, தட்டின் இருபுறமும் பிவிசி குழாய்த் துண்டுகளைத் தளர்வாகக் கோத்துவிடுங்கள். கால் வைத்ததும் குழாய் உருளும். இதுவும் முழுத் தடை அன்று. வரவு குறையும், அவ்வளவே.

கேள்வி (மேலூர்): குழாயில் கிரீஸ் தடவலாமா? தானியத்தில் மிளகாய்த்தூள் கலக்கலாமா?

பதில்: கிரீஸ் வேண்டவே வேண்டாம். அது இறகில் ஒட்டினால் பறவையால் சரியாகப் பறக்க முடியாது. அணிலின் மயிரில் ஒட்டினால் அது நக்கி விழுங்கும். மிளகாயின் கதை வேறு. அதன் காரம் பாலூட்டிகளுக்கு எரியும், பறவைகளுக்கு உறைக்காது. கிளி பழுத்த மிளகாயை ரசித்துத் தின்பது அதனால்தான். ஆயினும் வெறும் தூளைத் தூவினால் ஆடிக் காற்றில் பறந்து உங்கள் கண்ணில்தான் விழும். பசி மிகுந்த அணில் காரத்துக்குப் பழகியும் விடலாம் என்பதால், நான் இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஆனையூர்): எந்தத் தீனி வைத்தால் அணில் குறைவாக வரும்?

பதில்: நிலக்கடலை, சூரியகாந்தி விதை, தேங்காய்த் துண்டு ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள், அவை அணிலுக்கு விருந்துக்கு அழைப்பு. கம்பு, தினை, குருணை போதும். அதைவிட முக்கியம் அளவு: ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்குக் காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி வையுங்கள். அணிலும் பகலில் திரிவதுதான் என்பதால் நேரத்தை மாற்றிப் பயனில்லை. மிச்சம் இல்லாமற்போனால்தான் சுற்றிச்சுற்றி வருவது குறையும். இரவில் எலி வருவதும் நிற்கும். ஐப்பசி மழையில் நனைந்த தானியம் பூசணம் பிடிக்கும், அதை உடனே கொட்டித் தட்டைக் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி (அழகர்கோவில் சாலை): அணிலோடு குரங்கும் வருகிறது.

பதில்: தட்டை எடுத்துவிடுங்கள். குரங்கு வரும் வீட்டில் தீனித்தட்டு கூடாது.

கேள்வி (நாகமலை புதுக்கோட்டை): அணிலை எலிக்கூண்டில் பிடித்து மலையடிவாரத்தில் விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. நீங்கள் பிடிப்பது தாயாக இருந்தால், ஏசி பெட்டியின் பின்னாலோ தென்னை மட்டையிலோ நாரும் பஞ்சும் வைத்துக் கட்டிய கூட்டில் குட்டிகள் பாலின்றிச் சாகும். புது இடத்தில் விடப்பட்ட அணிலுக்கும் ஒளிய இடம் தெரியாது. தீனி இருக்கும்வரை பக்கத்துத் தோட்டத்து அணில் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஒட்டும் அட்டையும் விஷமும் அதைவிடக் கேடு. முதலில் சிக்குவது நீங்கள் காக்க நினைக்கும் குருவியாகவே இருக்கலாம். பேசினைக் கவிழ்த்து மாட்டுங்கள், கைப்பிடி அளவைக் குறையுங்கள். அதற்கும் மீறி இரண்டொரு அணில் வந்தால் அவற்றின் பங்கு என்று விட்டுவிடலாம்.