கேள்வி பதில்: பிராஸ்டேட் புற்றுநோய், சிகிச்சைக்கு முன் கண்காணிப்பு

கே: அப்பாவுக்கு 64 வயது. பயாப்சியில் கிளீசன் (புற்றணுக்களின் தீவிரத்தைக் காட்டும் எண்; கூடினால் தீவிரம்) 3+3, பிஎஸ்ஏ (பிராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 6. "இப்போதைக்குக் கண்காணிப்போம்" என்கிறார் டாக்டர். கைவிட்டுவிட்டாரா?

ப: கைவிடுகிறவர் அடுத்த பரிசோதனைக்குத் தேதி குறிக்க மாட்டார். 3+3 மெதுவாக வளரும் ரகம், வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது. அறுவை செய்தாலோ சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, இடையில் எம்ஆர்ஐ, ஒரு வருட வாக்கில் மறுபடியும் பயாப்சி. அதில் 4 தலைகாட்டினால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். அப்பா பிராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி உதிர்வுக்கோ ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? அவை பிஎஸ்ஏவைப் பாதியாகக் காட்டும். டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கே: 3+3 தான். பிஎஸ்ஏ 5.1 இருந்தது, இப்போது 5.8. பரவிவிட்டதா?

ப: இவ்வளவு ஏற்ற இறக்கம் சகஜம். சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் விந்து வெளியேறியது, நீண்ட சைக்கிள் சவாரி எல்லாமே ஏற்றிக் காட்டலாம். சில வாரம் கழித்து அதே லேபில் பாருங்கள். மாத்திரை விஷயம் மேலே சொன்னதுதான்.

கே: 4+4. நானும் காத்திருக்கலாமா?

ப: இல்லை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கே: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு மூன்றையும் ஒப்பிட்ட பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில் கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் பரவல் இரண்டு மடங்கு. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

ப: மறைக்கவில்லை. 2023-இல் வந்த 15 ஆண்டுக் கணக்கு: பரவல் கண்காணிப்பில் 9.4%, அறுவையில் 4.7%, கதிர்வீச்சில் 5%. இந்நோயால் இறந்தவர்கள் முறையே 3.1%, 2.2%, 2.9%. அந்த ஆய்வில் கண்காணிப்பு பெரும்பாலும் பிஎஸ்ஏவை நம்பியே நடந்தது. எம்ஆர்ஐயும் முறையான மறு பயாப்சியும் இல்லை. 3+3-ஐ விடத் தீவிரமானவர்களும் அதில் இருந்தார்கள்.

கே: (அதே நண்பர்) கண்காணிப்பில் இருந்தவர்களில் 61% பேர் கடைசியில் சிகிச்சைக்குத்தானே போனார்கள்?

ப: போனார்கள், பலர் பல வருடம் கழித்து. அந்த வருடங்களில் அவர்களுக்குக் கசிவுத் துணி தேவைப்படவில்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவர் 15 ஆண்டு முடிந்தும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உயிரோடிருந்தார். அதையும் எண்ணுங்கள் சார்.

கே: தைராய்டில் 8 மில்லிமீட்டர் பாப்பிலரி (ஒரு வகைப் புற்றுநோய்) கட்டி. அதையும் கண்காணிக்கலாமா?

ப: என் துறை இல்லை. ஜப்பானின் கோபேயில் குமா மருத்துவமனை 1993-லிருந்தே இப்படிச் சிறு கட்டிகளைக் கண்காணிக்கிறது. தைராய்டு நிபுணரிடம் கேளுங்கள்.

கே: பிஎஸ்ஏ 4.9-லிருந்து 5.3...

ப: இரண்டாவது பதில். மாத்திரை அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.