நிலத்து விலங்குகளின் புதைபடிவத்தை வைத்துப் பேரழிவுக் காலத்துப் பாறைக்கு வயது சொல்ல முடியுமா?

கேள்வி: பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவை ஒட்டிப் படிந்த பாறைகளுக்கு, நிலத்தில் வாழ்ந்த விலங்குகளின் புதைபடிவங்களைக் கொண்டு வயது சொல்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

பெர்மியனுக்கு அடுத்து வந்த காலம் டிரயாசிக். நிலவியல் படித்த காலத்தில் "லிஸ்ட்ரோசாரஸ் என்ற நில விலங்கின் எலும்பு கிடைத்தால் அந்தப் பாறை டிரயாசிக்" என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதில் பாதிதான் சரி என்று உறைக்கப் பல வருஷம் ஆனது.

எலும்பு வயதைச் சொல்லாது, வரிசையைத்தான் சொல்லும். இது கீழே, அது மேலே. இது முன்னால் வாழ்ந்தது, அது பின்னால். 25 கோடி ஆண்டு என்ற எண் வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் காரூ படுகைதான் இந்த வரிசைக்குப் பேர்போன இடம். அங்கே 1906-லேயே ராபர்ட் புரூம் என்பவர் விலங்குகளை வைத்துப் பாறைகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்தார். நமக்கு வேண்டியவை இரண்டு: கீழே டாப்டோசெபலஸ் மண்டலம், அதன் மேல் லிஸ்ட்ரோசாரஸ் மண்டலம். லிஸ்ட்ரோசாரஸ் ஏறக்குறையப் பன்றி அளவு விலங்கு. ஆமை மாதிரி அலகு, முகம் கீழ்நோக்கி மடிந்திருக்கும், மேல்தாடையில் இரண்டு தந்தம். இந்தியா, சீனா, ரஷ்யா, அண்டார்டிகா என்று பல இடங்களில் கிடைத்திருப்பதால், ஓரிடத்துப் பாறையை இன்னோரிடத்துப் பாறையோடு பொருத்திப் பார்க்க இதைவிட வசதியான ஆள் கிடையாது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பெர்மியனுக்கும் டிரயாசிக்குக்கும் இடையிலான எல்லை எங்கே? லிஸ்ட்ரோசாரஸ் மண்டலம் தொடங்கும் இடத்தில். அந்த மண்டலம் எப்போது தொடங்கியது? எல்லையில். சுற்றிச் சுற்றி அதே இடம்! உண்மையில் லிஸ்ட்ரோசாரஸ் மக்காய்கி என்ற இனம் டாப்டோசெபலஸ் மண்டலத்தின் மேற்பகுதியிலேயே, அதாவது பெர்மியனிலேயே தலைகாட்டிவிடுகிறது. ஆகவே இனத்தின் பெயர் தெரியாமல் ஒரு தந்தத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு டிரயாசிக் என்று சொல்ல முடியாது. என் விடை அடிபட்டது இங்கேதான்.

டிரயாசிக்கின் அதிகாரபூர்வத் தொடக்கமோ நிலத்திலேயே இல்லை. சீனாவின் மெய்ஷானில், கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு ஒன்றில் இருக்கிறது. ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கொனொடொன்ட் (கடல்வாழ் உயிரி ஒன்றின் மணலளவே இருக்கும் பல் போன்ற உறுப்பு) முதலில் தோன்றும் இடம் அது; 2001-ல் ஏற்றுக்கொண்டார்கள். காரூவில் இருந்தது ஆறும் வெள்ளச் சமவெளியும். கொனொடொன்டுக்கு அங்கே என்ன வேலை?

சரி, எண் எப்படி வருகிறது? எரிமலைச் சாம்பலிலிருந்து. அதில் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகம் இருக்கும். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. அதனால் இன்று உள்ளே இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238-க்கு அரை ஆயுள் 447 கோடி ஆண்டு, 235-க்குச் சுமார் 70 கோடி. ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். மெய்ஷானில் எல்லைக்கு மேலும் கீழும் சாம்பல் அடுக்குகள் இருப்பதால் 25.19 கோடி ஆண்டு என்று நெருக்கிப் பிடிக்க முடிந்தது. ஆற்று மணலில் கிடைக்கும் சிர்க்கானை மட்டும் இப்படி நம்பக் கூடாது. அது எங்கோ கிடந்த பழைய பாறையிலிருந்து அடித்து வரப்பட்டதாக இருக்கலாம். "பாறை இதைவிடப் பழையது அல்ல" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

காரூவில் நல்ல சாம்பல் அபூர்வம். கிடைத்தபோது கதை மாறியது. நிலவியலாளர் ராபர்ட் கஸ்டால்டோவும் கூட்டாளிகளும் லிஸ்ட்ரோசாரஸ் மண்டலத்தின் அடிப்பகுதியில் கிடைத்த சாம்பலுக்கு 2020-ல் வெளியிட்ட வயது 25.224 கோடி ஆண்டு, முன்பின் 1.1 லட்சம். அதாவது கடலில் பேரழிவு நடப்பதற்கு ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு முன்பே காரூவில் விலங்குகள் மாறிவிட்டன. மண்டலத்தின் எல்லையை எந்த அடுக்கில் வைப்பது என்பதிலேயே மற்ற காரூ ஆய்வாளர்கள் சிலர் இவர்களோடு முரண்படுகிறார்கள். எனக்குச் சாம்பல் பக்கம் சாய்வு அதிகம். ஆனால் ஒற்றைச் சாம்பல் அடுக்கை வைத்துப் படுகை முழுவதற்கும் தீர்ப்பு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்புறம் பாறையின் நிறம். பச்சை கலந்த சேற்றுக்கல் சிவப்பாக மாறும் இடம்தான் எல்லை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பக்கவாட்டில் நடந்து பார்த்தால் ஒரே அடுக்கே நிறம் மாறுகிறது!

இன்னொன்று, ஓர் இனத்தின் கடைசி எலும்பு கிடைத்த அடுக்கு, அது அழிந்த அடுக்கு அல்ல. கடைசி விலங்கு புதைபடிவமாகி, அது நம் கண்ணிலும் பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அரிதான விலங்கு என்றால் இந்த இடைவெளி இன்னும் கூடும். அதனால் திடீரென்று நடந்த அழிவுகூடப் பாறையில் படிப்படியாக நடந்தது போலத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒரே படுகைக்குள் எது முன், எது பின் என்பதற்கு எலும்பை நன்றாகவே நம்பலாம். கண்டம் தாண்டிப் பொருத்தும்போது, லட்சக்கணக்கான ஆண்டு பிசகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தையும் கடலையும் இணைக்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான சாட்சி வேண்டும்: காற்றில் பறந்து கடலிலும் விழுந்த மகரந்தம், பூமியின் காந்தப்புலம் திசைமாறிய தடம், கார்பன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கார்பன் அணு வகைகள்) விகிதத்தில் விழுந்த சரிவு. இவற்றோடு ஒரு சாம்பல் அடுக்கும் அகப்பட்டால் யோகம்தான்.