பத்து டேக், முப்பத்தெட்டாயிரம் மனு: எல்க் வேட்டை குறித்த கேள்வி-பதில்

எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2018-இல் பத்து டேக் (டேக் என்றால் ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதி) வழங்கியதைப் பற்றிச் சென்ற பகுதியில் நான் போகிற போக்கில் எழுதிய நான்கு வரிகளுக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் தெளிவாக இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆண் எல்க்கைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் எழுதுகிறேன். மானுக்கென்று நம்மிடம் இவ்வளவு நல்ல சொற்கள் இருக்கும்போது காளை, பசு என்று மாட்டுக்கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: எல்க் என்பது நம் கடமான்தானே? (திண்டுக்கல்)

அல்ல. கடமான் வேறு, எல்க் வேறு. இரண்டும் மான் குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்பதோடு உறவு முடிந்துவிடுகிறது. முற்றிய கலை ஒன்று 300 கிலோவைத் தாண்டும். ஐரோப்பாவில் எல்க் என்று சொன்னால் அது மூஸ் என்னும் இன்னொரு விலங்கு, ஆகவே எந்த நாட்டுச் செய்தி என்று பார்க்காமல் மொழிபெயர்க்காதீர்கள். அமெரிக்க எல்க்கின் மற்றொரு பெயரான வாபிட்டி, ஷானி மக்களின் மொழியில் அதன் வெளிறிய பின்புறத்தைக் குறிக்கும் சொல்.

கேள்வி: 1995-இல் கொண்டுவந்ததே 25 எல்க். அவற்றில் பத்தைச் சுட்டுவிட்டால் மிச்சம் 15 தானே? இதற்குப் பெயர் பாதுகாப்பா? (மின்னியாபோலிஸ்)

இருபத்துமூன்று ஆண்டுகளில் அந்த 25 எல்க்குகளும் ஒரு கன்றுகூட ஈனவில்லை என்று எந்தக் கணக்கில் வைத்துக்கொண்டீர்கள்? மிச்சிகனிலிருந்து வடக்கு விஸ்கான்சினின் கிளாம் லேக் பகுதிக்கு வந்த அந்தக் கூட்டம் மெதுவாகத்தான் பெருகியது. 2015-க்குப் பிறகு கென்டக்கியிலிருந்து வந்தவையும் துணை சேர்ந்தன. வடக்குக் கூட்டம் இருநூறை எட்டிய பிறகுதான் பத்து டேக் வழங்கப்பட்டது, அதாவது நூற்றுக்கு ஐந்து. அந்தப் பத்தும் கலைகளுக்கு மட்டும். கடிதம் எழுதுவோருக்கு நான் எப்போதும் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: எத்தனை என்று கேட்பதற்கு முன் எது என்று கேளுங்கள்.

கேள்வி: கலையை மட்டும் சுடுவதால் என்ன மிச்சமாகிறது? உயிர் உயிர்தானே? (கோயம்புத்தூர்)

அறத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். கூட்டத்தின் கணக்கைக் கேட்கிறீர்கள் என்றால் சொல்கிறேன். பிணை எட்டரை மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். சிறிய கூட்டத்தில் ஒரு பிணையை எடுப்பது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம், ஏனென்றால் அது இன்னும் பத்து ஆண்டுகளில் ஈனக்கூடிய கன்றுகளும் அதோடு போய்விடுகின்றன. கலையோ செப்டம்பர் மாதத்து இணைசேரும் பருவத்தில் பத்துப் பதினைந்து பிணைகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அது போனால் அந்த இடத்தைப் பிடிக்க அடுத்த மேட்டில் இன்னொன்று கத்திக்கொண்டு நிற்கும். இதற்கும் எல்லை உண்டு. முதிர்ந்த கலைகளை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டால் இளங்கலைகளே இணைசேர வேண்டியிருக்கும், பருவம் நீளும், கன்றுகள் தாமதமாகப் பிறந்து போதிய உடல் தேறாமலே முதல் பனிக்காலத்தைச் சந்திக்கும். கூட்டம் இலக்கைத் தொட்டு, பக்கத்துப் பண்ணைகளில் புகுந்து மேயத் தொடங்கும்போதுதான் பிணை டேக்குக்கு இடம் வரும்.

கேள்வி: பத்து டேக்கில் பாதியை ஓஜிப்வே பழங்குடியினருக்குச் சலுகையாகக் கொடுத்துவிட்டார்கள். வரி கட்டுபவனுக்குக் குலுக்கல், அவர்களுக்கு மட்டும் இலவசமா? (ஓ க்ளேர்)

இந்தக் கேள்வியை இதே சொற்களில் ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள், ஐந்து பேருமே 'சலுகை' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தாத்தா ஊரில் ஒரு காணி நிலத்தை விற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது, கிணற்றில் ஒரு பங்கும் வரப்போரம் வண்டி போகும் தடமும் தமக்கும் தம் வாரிசுகளுக்கும் உண்டு என்று கிரயப் பத்திரத்தில் எழுதி வைக்கிறார். ஐம்பது வருடம் கழித்து நீங்கள் அந்தக் கிணற்றில் மோட்டார் போடப் போகிறீர்கள். நிலத்தை வாங்கியவரின் பேரன், 'போனால் போகிறது, உங்களுக்குச் சலுகையாகத் தண்ணீர் தருகிறேன்' என்கிறான். நீங்கள் என்ன சொல்வீர்கள்? பத்திரத்தை எடுத்துக் காட்டுவீர்கள். ஓஜிப்வே மக்கள் செய்ததும் அதைத்தான். 1837-இலும் 1842-இலும் கையெழுத்தான ஒப்பந்தங்களில் இன்றைய வடக்கு விஸ்கான்சினை அவர்கள் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தமக்கு உள்ள உரிமையை விற்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் காட்டரிசி சேகரிப்பதும் தனியே எழுதப்பட்டிருக்கிறது. விற்காத ஒன்றை யாரும் திரும்ப அவர்களுக்குக் 'கொடுக்க' முடியாது.

இதற்கு ஒரு வாசகர், ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்திலேயே சலுகை என்று பொருள்படும் சொல்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். உண்மை, இருக்கிறது. ஆனால் எழுதியவர் ஒரு பக்கத்தார், எழுதிய மொழியும் அவர்களுடையது. ஆகவே கையெழுத்திட்ட பழங்குடித் தலைவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்களோ அப்படியே ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும் என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் நெடுநாள் நெறி. 1974-இல் லா கூதொரே என்னும் ஓஜிப்வே குழுவைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள், தங்கள் குழுவுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் எல்லைக்கு வெளியே, உறைந்த ஏரியின் பனியில் துளையிட்டு ஈட்டியால் மீன் குத்தியதற்காகப் பிடிபட்டார்கள். அந்தச் சிறிய வழக்குதான் வளர்ந்து, 1983-இல் சிகாகோவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், ஒப்பந்த உரிமைகள் உயிரோடுதான் இருக்கின்றன என்ற தீர்ப்பில் முடிந்தது. அதன் பிறகு எண்பதுகளின் இறுதியில், ஈட்டியோடு ஏரிக்கு வந்த ஓஜிப்வே குடும்பங்களைப் படகுத்துறைகளில் கூடிநின்று கல்லெறிந்தும் ஏசியும் விரட்டப் பார்த்த கூட்டம், தன் பதாகைகளில் எழுதியதும் உங்கள் ஐந்து கடிதங்களில் உள்ள அதே வாதம்தான். பின்னர் வந்த தீர்ப்புகள், எடுக்கத்தக்க அளவில் பாதி வரை பழங்குடியினருக்கு உரியது என்று வகுத்தன. 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தம் மின்னசோட்டா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வரை போய், 1999-இல் ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் நிலைத்தது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு 2018-இல் பத்துக் கலைகளை எடுக்கலாம் என்று முடிவானபோது, மாநிலத்துக்கு ஐந்து, ஓஜிப்வேக்கு ஐந்து என்று பிரித்ததில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எல்க்கை ஓமஷ்கூஸ் என்று அழைப்பவர்கள் அவர்கள். 1880-களில் விஸ்கான்சினின் கடைசி எல்க்குகளைச் சுட்டுத் தீர்த்ததில் சந்தை வேட்டைக்காரர்களுக்கும் குடியேறிகளுக்கும் பங்கு உண்டு. தீர்ந்துபோனதன் விலையை ஓஜிப்வே மக்களும் மற்றவர்களும் நூறு வருடம் சேர்ந்து கொடுத்தார்கள். 'சலுகை' என்று இனி யாராவது எழுதினால் அந்தக் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும்.

கேள்வி: எச்1பி விசாவில் மில்வாக்கியில் வேலை பார்க்கிறேன். நானும் மனுப் போடலாமா? நண்பனின் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொள்ளலாமா? (மில்வாக்கி)

முதல் கேள்விக்கு: மாநிலத்தின் பங்கு விஸ்கான்சின் வாசிகளுக்கு மட்டும். தொடர்ந்து முப்பது நாளாவது அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தால்தான் வேட்டை உரிமத்துக்கு வாசி என்று கொள்வார்கள். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. வேலை விசா, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே வரிசை முக்கியம். முதலில் பயிற்சி, பிறகு உரிமம், அதன் பிறகு துப்பாக்கி. உரிமம் கைக்கு வருவதற்கு முன், நண்பன் கொடுத்தாலும், கொட்டகையில் குறி பார்த்துப் பழகத்தான் என்றாலும், கையில் வாங்காதீர்கள். விசா சம்பந்தப்பட்ட விஷயத்தில் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஆகும் செலவு, பிறகு ஆகக்கூடிய செலவை நினைத்தால் ஒன்றுமே இல்லை.

கேள்வி: டேக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? மனுக் கட்டணம் யாருக்குப் போகிறது? (மேடிசன்)

மாநிலத்தின் ஐந்தில் ஒன்றை ராக்கி மவுண்டன் எல்க் பவுண்டேஷன் என்னும் எல்க் பாதுகாப்பு அமைப்பு தனியே பரிசுச்சீட்டு நடத்திக் கொடுத்தது. குலுக்கலுக்கு மிஞ்சியவை நான்கு. முதல் ஆண்டில் மனுப் போட்டவர்கள் சுமார் 38,000 பேர். அதாவது ஒன்பதாயிரத்து ஐந்நூறில் ஒருவர். மனுவுக்குப் பத்து டாலர், திரும்பி வராது. அந்தப் பத்தில் ஏழு எல்க் பராமரிப்புக்கும் வாழிடத்துக்கும் போகிறது. ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம் டாலர் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மிசூரியில் 2020-இல் ஐந்து டேக்குக்கு 19,000-க்கும் மேற்பட்ட மனுக்கள், வர்ஜீனியாவில் 2022-இல் ஐந்துக்கு 31,000-க்கு மேல். பத்து டாலரை நன்கொடை என்று எண்ணிப் போடுகிறவர் போடலாம். டேக் கிடைக்கும் என்று நம்பிப் பெரிய உறைபெட்டி வாங்கியவருக்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

கேள்வி: மீட்டுக் கொண்டுவந்த எல்க்கை வேட்டையாடிக் கெட்டுப்போன மாநிலம் உண்டா? (சென்னை)

உண்டு, பென்சில்வேனியா. 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். 1926 வரை மொத்தம் 177. விட்டு முடிப்பதற்கு முன்பே, 1923-இல், வேட்டையையும் திறந்துவிட்டார்கள். பயிரை மேய்ந்ததால் உழவர்கள் சுட்டதும் திருட்டு வேட்டையும் சேர்ந்துகொள்ள, 1931-இல் மாநிலம் முழுவதிலும் வேட்டைக்காரர்கள் எடுத்தது ஒரே ஒரு கலைதான். கதவை மூடினார்கள். மறுபடி திறந்தது 2001-இல், எழுபது வருடம் கழித்து, முப்பது டேக்குகளோடு. கூட்டம் எந்தப் பள்ளத்தாக்கில் மேய்கிறது, யாருடைய வயலுக்குப் பக்கத்தில் மேய்கிறது என்று பார்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கென்டக்கி இதற்கு மறுதலை. 1997 முதல் 2002 வரை, நிலக்கரி எடுத்து மூடிய மலைப்புல்வெளிகளில் சுமார் 1,500 எல்க்கை விட்டார்கள். 2001-இல் பன்னிரண்டு டேக்கோடு தொடங்கினார்கள். பின்னாளில் மிசூரி, வர்ஜீனியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றுக்கும் எல்க் கொடுக்கும் அளவுக்கு அந்தக் கூட்டம் பெருகியது.

கேள்வி: எல்க்கை ஓநாய் தின்கிறதாமே? முதலில் ஓநாயைச் சுட்டால் என்ன? (கிரீன் பே)

கிளாம் லேக்கில் எல்க் சாவுக்குப் பெரிய காரணம் ஓநாய்தான், மறுக்கவில்லை. காட்டைச் சரியாக வெட்டி இளம் ஆஸ்பென் மரங்கள் தளிர் விடச் செய்தால் எல்க்குக்குத் தீனி கிடைக்கும், கூட்டம் பரவும், ஓநாயின் கணக்கு தானே சிறுத்துவிடும். நெடுஞ்சாலை 77-இல் வேகத்தைக் குறைத்தால் இன்னும் சில பிழைக்கும்.

கேள்வி: ஒன்டாரியோவில் எப்போது? (டொராண்டோ)

எப்போதோ தொடங்கிவிட்டது. 1998 முதல் 2001 வரை ஆல்பர்ட்டாவின் எல்க் ஐலண்ட் பூங்காவிலிருந்து 443 வந்தன. பான்கிராஃப்ட் பகுதியில் 2011-இல் வேட்டை திறந்தது. மாகாணத்தின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம்.

கேள்வி: டேக் கிடைத்த நண்பர் இறைச்சியில் பங்கு தருகிறேன் என்கிறார். சாப்பிடலாமா? (மில்வாக்கி)

தலையில் உள்ள நிணநீர்க் கணுக்களை மான் இனங்களைத் தாக்கும் நாள்பட்ட நலிவு நோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்ற முடிவு வந்த பிறகு சாப்பிடலாம். விஸ்கான்சினில் 2002 முதல் வெண்வால் மான்களில் இந்த நோய் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் இதற்குக் காரணமான புரதம் கொதிக்க வைத்தாலும் குக்கரில் பத்து விசில் விட்டாலும் அழியாது. முடிவு வரும்வரை பொட்டலத்தில் தேதியும் டேக் எண்ணும் எழுதி உறைபெட்டியில் தனியே வையுங்கள், மற்ற இறைச்சியோடு கலக்காதீர்கள்.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். எலும்பு நீக்கிய பிறகும் நூறு கிலோ மிஞ்சும். தோளில் ஒருவர் ஒரு நடைக்கு முப்பது கிலோதான் தூக்க முடியும். அக்டோபர் வெயிலில் தோலை உடனே உரித்துச் சூட்டை வெளியேற்றாவிட்டால் தொடைச்சந்து எலும்பைச் சுற்றித்தான் முதலில் கெடும். மேல்தாடையில் இரண்டு கோரைப்பல் இருக்கும், கொட்டைப்பாக்கில் பாதி அளவு, ஓரம் பழுப்பேறி வழவழப்பாக. அதை மறந்து தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

கேள்வி: எனக்குச் சுட வேண்டாம், அது கத்துவதைக் கேட்டால் போதும். எங்கே போகலாம்? (சிகாகோ)

செப்டம்பர் நடுவில் கிளாம் லேக். விடியலுக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள். அடித்தொண்டையில் தொடங்கி, நாதஸ்வரச் சீவாளியை மட்டும் தனியே ஊதியதுபோலக் கீச்சென்று ஏறி, கடைசியில் இரண்டு மூன்று உறுமலாக உடையும் குரல் அது. முந்நூறு கிலோ உடம்பிலிருந்து வருகிறது என்று முதல் முறை யாரும் நம்புவதில்லை. காரை விட்டு இறங்கிக் கிட்டே போகாதீர்கள், அந்தப் பருவத்துக் கலை ஆளைப் பார்த்து ஒதுங்காது. எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவைத்து உட்காருங்கள்.