மாஃபாத் நடைக்கு டென்டா, ஜீத்தா?

கேள்வி: மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து நண்பர்கள் இருவர் ஆகஸ்டில் 8 நாள் ரெயூனியன் தீவுக்குப் போகிறோம். சிலாவோஸ் மலையூரில் தொடங்கி, மலைகள் சூழ்ந்த மாஃபாத் பள்ளத்தில் மூன்று இரவு, கடைசியில் பிட்டோன் தெ நேஜ் உச்சி. கடற்கரை முகாமுக்கு வாங்கிய டென்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதையே கொண்டுபோய் அறைச் செலவை மிச்சப்படுத்தலாமா, ஜீத் எனப்படும் மலை விடுதிகளில் படுக்கை எடுப்பது நல்லதா?

டென்ட் இலவசம் என்று நினைப்பதில்தான் முதல் பிசகு. மாஃபாத் ஜீத்தில் பொது அறைப் படுக்கை ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 20 யூரோ. மூன்று இரவு, இரண்டு பேர் என்றால் 120 யூரோ. யூரோ 50 மொரிஷியஸ் ரூபாயைத் தாண்டிவிட்டதால் 6,000 ரூபாய்க்கு மேல். தொகை கண்ணை உறுத்தும், உண்மைதான். ஆனால் மலைக்குத் தகுந்த உறக்கப்பை இரண்டு, பாய் இரண்டு, அடுப்பு, பாத்திரம் எல்லாம் புதிதாக வாங்கினால் அந்த 6,000 போதாது. ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும், இரவல் கிடைப்பவருக்கும் மட்டுமே டென்ட் மலிவு.

அடுத்தது எடை. ஜீத்தில் கம்பளி தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது 300 கிராம்கூட வராத மெல்லிய துணி உறை ஒன்றுதான். டென்ட் என்றால் ஆளுக்கு டென்டில் பாதி 1 கிலோ, உறக்கப்பை 1 கிலோ, பாய் அரை கிலோ, அடுப்பிலும் கேஸிலும் கால் கிலோ. நாளுக்கு 600 கிராம் கணக்கில் மூன்று நாள் உலர் உணவையும் சேர்த்தால் நாலரைக் கிலோ கூடுகிறது. சிலாவோஸ் பக்கமிருந்து தாயிபிட் கணவாய்க்கு ஏற்றம் மட்டும் 800 மீட்டருக்கு மேல். கணவாயின் உயரம் 2,081 மீட்டர். அங்கிருந்து மார்லாவுக்கு இறங்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் பேசும்.

உங்கள் கடற்கரை டென்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்: ஆகஸ்டில் அது உதவாது. ஒற்றைத் துணி டென்டில் இரவு முழுக்க விடும் மூச்சு உள்சுவரில் நீராகப் படிந்து உறக்கப்பை மேல் சொட்டும். மார்லா ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், இரவில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். வெளித்துணி தனியாக உள்ள இரட்டை அடுக்கு டென்ட் வேண்டும். காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து மூடாதீர்கள். மூடினால் ஈரம் கூடி, குளிரும் கூடும். அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் டென்டின் தரையைவிட நாற்புறமும் ஐந்து சென்டிமீட்டராவது சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி நேரே உங்கள் முதுகுக்கு அடியில் சேர்க்கும். உறக்கப்பைச் சீட்டில் மூன்று வெப்ப அளவுகள் போட்டிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ‘கம்ஃபர்ட்’ எண்ணை. அது 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான கணக்கு, உறங்குவதற்கானது அல்ல.

எங்கள் தீர்ப்பு இரண்டும் கலந்ததுதான். கடலோர இரவுகளில், சேன் தெனியோ சேன் பியேரோ, மலிவான பொது அறை எடுங்கள். கடற்கரையில் டென்ட் அடிக்கலாமா என்பது நகராட்சிக்கு நகராட்சி மாறும், பகல் முழுக்க மூட்டைக்குக் காவலும் வேண்டும். மார்லா, லா நூவெல் போன்ற மாஃபாத் ஊர்களில் சிறு கட்டணத்துக்கு டென்ட் இடம் தருபவர்கள் உண்டு. டென்டில் படுத்து, இரவுச் சாப்பாட்டை மட்டும் ஜீத்தில் சொல்லிவைப்பது நல்ல வழி: அடுப்பு, அரிசிச் சுமை மிச்சம், சூடான சோறும் கிடைக்கும். சாப்பாடும் படுக்கை விலையை ஒட்டியே வரும். சைவ விரதம் இருப்பவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் கோழியோ சாஸேஜோதான் வரும். சொன்னால் பருப்பும் கீரையும் கிடைக்கும், அதுவும் சிலாவோஸ் பருப்பாக இருந்தால் குறையே இல்லை.

தேசியப் பூங்காவில் வெட்டவெளியில் தங்குவதானால் ஓர் இரவு மட்டும், மாலையில் அடித்துக் காலையில் பிரித்துவிட வேண்டும். மார்லாவிலிருந்து ரோஷ் பிளாத் ஊருக்குப் போகும் வழியில் உள்ள த்ருவா ரோஷ் பலரும் படுக்கும் இடம். ஆற்றுப் பாறைமீது படுக்காதீர்கள், மேலே பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாமலே வெள்ளமாக வந்துவிடும். ஓடை நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் அந்தத் தீவில் உண்டு.

பிட்டோன் தெ நேஜுக்கு மட்டும் யோசனையே வேண்டாம், படுக்கை எடுங்கள். உச்சி 3,070 மீட்டர். ஆகஸ்டில் புல்லில் உறைபனி பிடிக்கும். வழியில் 2,478 மீட்டரில் உள்ள கவெர்ன் துஃபூர் ஜீத்தில் படுத்து, விடியலுக்கு முன் ஏறுவதுதான் வழக்கம். அங்கே இடம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஆகவே திறந்திருக்கிறதா என்று விசாரித்து, அந்த இரவை முதலில் உறுதிசெய்யுங்கள். மற்ற நாட்களையும் விமானச் சீட்டையும் அதைச் சுற்றி அமையுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். புறப்படும் வாரத்தில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று வனத்துறை அறிவிப்பையும் பாருங்கள். மாஃபாத்துக்குச் சாலை கிடையாது, கடைச் சரக்கெல்லாம் ஹெலிகாப்டரில் வருவதால் விலை கூடுதல், ஏடிஎம்மும் இல்லை. சிலாவோஸுக்கு ஏறுமுன் ரொக்கம் எடுத்துவிடுங்கள். ஆபத்துக்கு அழைக்க 112.

வீட்டுக் கறிவேப்பிலைக் கொத்தைப் பையில் செருகாதீர்கள். பச்சை இலை, பழம், இறைச்சி எதுவும் அங்கே சுங்கம் தாண்டாது. அங்கும் சந்தையில் ‘கலுப்பிலே’ என்று கேட்டால் அதே இலைதான். மண் ஒட்டிய பூட்ஸையும் கழுவி உலர்த்திக் கொண்டுபோங்கள்.

கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது. அடுப்பும் எண்ணெய், கேஸ் வாடை இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். இறங்கிய பின் வாங்கும்போது ஒரு சிக்கல்: பிரெஞ்சுக் கடைகளில் காம்ப்பிங்காஸின் அழுத்திப் பூட்டும் வகைக் குப்பி பரவலாக இருக்கும். உங்கள் அடுப்பு திருகு வகையாக இருந்தால் அது பொருந்தாது. அடுப்பின் வாயைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் கடையில் காட்டுங்கள். மலையேறும் முன் நகரத்திலேயே வாங்கிவிடுங்கள். மீதி கேஸைத் திரும்பக் கொண்டுவர முடியாது, கடைசி ஜீத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.