கடலுக்கும் காயலுக்கும் நடுவே: மணல் தீவுப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

கரையை விட்டுச் சற்றுத் தள்ளி, கரைக்கு இணையாக ஒல்லியாக நீண்டு கிடக்கும் மணல் தீவைத் தடுப்புத் தீவு என்கிறோம். ஒரு பக்கம் அலையடிக்கும் திறந்த கடல், மறுபக்கம் சேறும் புல்லும் அடர்ந்த காயல். இப்படிப்பட்ட தீவுகளுக்குச் சுற்றுலா போகும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: மூன்று நாள் தங்கப் போகிறோம். குளியல், கயாக் (துடுப்புப் போடும் ஒல்லியான சிறு படகு), பறவை பார்ப்பது, சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஆசை. எதை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது?

அறையை முடிவு செய்த கையோடு அந்த ஊரின் ஏற்றவற்ற அட்டவணையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதனால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 7 மணிக்கு வற்றம் என்றால் மூன்றாம் நாள் 8.40 ஆகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டும் மட்டு.

அடுத்தது காற்று. காலையில் ஓய்ந்திருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று கிளம்பி, பிற்பகலில் வலுக்கும். ஆகவே கயாக் காலையிலேயே. சைக்கிளுக்கு வற்றத்தின் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் நல்லது: ஈரம் காயாத மணல் தரைபோல் இறுகியிருக்கும். பறவை பார்க்கப் பலரும் வற்றத்தில் போய் ஏமாறுகிறார்கள். அப்போது அவை சேற்றுப் பரப்பின் கடைசியில் புள்ளியாகத்தான் தெரியும். நீர் ஏறத் தொடங்கியபின் போய் அசையாமல் உட்காருங்கள். தண்ணீரே பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

கேள்வி: அட்டவணையைப் பார்த்துத்தான் காயலில் கயாக் விட்டோம். ஆனாலும் திரும்பும்போது சேற்றில் மாட்டிக்கொண்டோம். எங்கே தப்பு?

நீங்கள் பார்த்தது கடற்கரைக்கான அட்டவணையாக இருக்கும். காயலுக்குள் தண்ணீர் வருவதும் போவதும் குறுகலான முகத்துவாரம் வழியாகத்தான். அதனால் காயலின் ஏற்றவற்றம் கடலுக்குப் பின்னால் வரும். சில இடங்களில் அரை மணி, சில இடங்களில் இரண்டு மணிக்கும் மேல். படகு வாடகைக்குத் தருபவரிடம் “உள்ளே எத்தனை மணிக்கு வற்றும்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கும். தண்ணீர் ஒரே சீராக இறங்குவதில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 1.2 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணியில் 10 சென்டிமீட்டர்தான் இறங்கும். இரண்டாவது மணியில் 20, மூன்றாவதில் 30, நான்காவதில் 30, பிறகு 20, கடைசியில் 10. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் குறையாததுபோல் இருக்கும், அந்தத் தைரியத்தில் கிளை வாய்க்காலுக்குள் போய்விடுவோம். மூன்றாவது, நான்காவது மணியில் மட்டும் 60 சென்டிமீட்டர் காணாமல் போகும்போது படகு தரை தட்டும்.

காயலின் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, ஏற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரை சேருங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை அமைத்துக்கொண்டால் களைத்த கைக்குக் காற்று துணை. மிதவைச் சட்டையை மடியில் வைக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் குடிநீரும் ஒரு விசிலும் கட்டாயம். வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தின் பக்கமே போகாதீர்கள். மொத்தக் காயலும் அந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடும்போது துடுப்பால் எதிர்க்க முடியாது.

அப்படியும் மாட்டிக்கொண்டால் படகை விட்டு இறங்கவே கூடாது. காயல் சேறு தொடை வரை உள்வாங்கும், சிப்பி விளிம்புகள் காலைக் கிழிக்கும். ஆள் நகர்ந்து எடையை மாற்றி, துடுப்பின் தட்டைப் பக்கத்தால் தள்ளிப் பாருங்கள். நகரவில்லையா, தகவல் சொல்லிவிட்டு நீர் ஏறும்வரை படகிலேயே இருங்கள்.

கேள்வி: அலையே இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கடலில் இறக்கினோம். காவலர் விசிலடித்து வெளியே வரச் சொல்லிவிட்டார். ஏன்?

அவர் செய்தது மிகச் சரி. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். கரைக்கு எதிரே நீருக்கடியில் மணல் திட்டு இருக்கிறது. அதில் எங்கே பள்ளமோ அங்கே எல்லாம் சேர்ந்து ஆறுபோல வெளியே ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. பார்க்கிறவருக்கு அமைதியான இடம், உண்மையில் அதுதான் இழுப்பு.

இறங்குமுன் ஒரு மேட்டில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கருத்த, வழவழப்பான ஒரு பட்டை. அதில் நுரைத் துணுக்குகளோ பாசியோ கடலை நோக்கி நகர்கின்றன என்றால், அங்கே கால் நனைக்கவும் வேண்டாம். வலுத்த இழுப்பு நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். தேர்ந்த நீச்சல்காரரும் எதிர்த்து நீந்தினால் களைத்துத்தான் மூழ்குகிறார். இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியே மட்டும்தான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகுங்கள். பிறகு அலை உடையும் இடம் வழியாகக் கரைக்கு வரலாம். சிவப்பும் மஞ்சளும் பாதிப்பாதியாக உள்ள இரண்டு கொடிகள் நடப்பட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே மட்டும் குளியுங்கள்.

கேள்வி: ஆமை முட்டையிடுவதைப் பார்க்க இரவில் கடற்கரைக்குப் போகலாமா?

அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போங்கள். ஆமை கரையேறும்போதும் குழி தோண்டும்போதும்தான் மிக எளிதில் மிரளும். ஒரு செல்பேசி வெளிச்சம் போதும், முட்டையிடாமலே திரும்பிவிடும். விளக்கு அவசியம் என்றால் மங்கலான சிவப்பு விளக்கு. நிற்பது ஆமைக்குப் பின்புறம். ஃபிளாஷ் கூடவே கூடாது. சுமார் இரண்டு மாதத்தில் பொரிந்து வரும் குஞ்சுகள், தாழ்வாகத் தெரியும் வெளிச்சம் இருக்கும் திசைதான் கடல் என்று நம்பி நகரும். அறையின் கடல்பக்கத் திரையை இழுத்து மூடுவது அதற்காகத்தான். பகலில் பிள்ளைகள் தோண்டிய குழியையும் மூடிவிட்டு வாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு அது கிணறு.

கேள்வி: நல்ல சங்கு, சிப்பி எப்போது கிடைக்கும்?

புயலோ பலத்த காற்றோ ஓய்ந்த மறுநாள் விடியலில், வற்றம் சேர்ந்து வந்தால் அமோகம். எடுத்ததும் வாயைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு மூடி அடைத்திருந்தாலோ உள்ளே கால் அசைந்தாலோ உயிர் இருக்கிறது, ஈர மணலிலேயே விட்டுவிடுங்கள். சங்குக்குப் பேர்போன ஃபுளோரிடாவின் சானிபெல் தீவில் உயிருள்ளதை எடுப்பது சட்டப்படி குற்றம்.

கேள்வி: மணல் மேட்டில் ஏறிப் படம் எடுக்கவும் விடுவதில்லை. வெறும் மணல்தானே?

மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன்மேல் படர்ந்த புல்லின் வேர். பத்துப் பேர் ஒரே வழியாக ஏறினால் புல் செத்து, அந்தத் தடத்தில் காற்று மணலை வாரும். புயல் அலை உள்ளே புகுவது அந்த இடைவெளி வழியாகத்தான். மரப்பாலம் போட்டிருக்கும் வழியில் மட்டும் நடங்கள். இந்தத் தீவுகள் எவ்வளவு நிலையற்றவை என்பதற்கு வட கரோலினாவின் ஹேட்டராஸ் முனைக் கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். கடல் நெருங்கி வந்ததால் 1999-ல் அந்தச் செங்கல் கோபுரத்தை அப்படியே சுமார் 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

கேள்வி: கடற்கரையில் கார் ஓட்ட அனுமதி உண்டாம். எதைக் கவனிக்க வேண்டும்?

நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிதான். மணலில் இறங்குமுன் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் அகன்று மணலில் மிதக்கும். சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மிதிக்க மிதிக்க அச்சுவரை புதையும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை, காற்றளவி, பம்ப் நான்கும் வண்டியில் இருக்கட்டும். தார்ச்சாலை ஏறுமுன் பழையபடி காற்றை நிரப்ப வேண்டும்.

கேள்வி: காயல் பக்கம் ஆழமில்லாத நீரில் நடந்தால் திருக்கை குத்துமா?

மிதித்தால் குத்தும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து இழுத்து நடங்கள்; அதிர்வு தெரிந்து விலகிவிடும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், காலை 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி அடங்கும். வெந்நீரை முதலில் காயம்படாதவர் கை வைத்துப் பார்க்கட்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு உறைக்காது. முள் முறிந்து உள்ளே இருந்தாலோ, குத்தியது மார்பு, வயிறு, கழுத்தில் என்றாலோ பிடுங்க முயலாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.