காஞ்சூர்மார்க்கிலிருந்து பதினான்கு ஞாயிறுகள்

பெரிய நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்த கணவனும் மனைவியும் அந்த ஊரை எப்படிப் பழகிக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் கோவில்பட்டியிலிருந்து மும்பைக்கு வந்தவர்கள். வீடு காஞ்சூர்மார்க்கில், எனக்கு வேலை தாதரில், என் கணவருக்குத் தென்மும்பையின் கோட்டை (ஃபோர்ட்) பகுதியில். ஆகவே மும்பையை வைத்தே சொல்கிறேன்.

வீட்டை விட்டுச் சேர்ந்து கிளம்பினாலும், காலை நெரிசலில் லோக்கல் ரயிலில் நான் பெண்கள் பெட்டியிலும் அவர் பொதுப் பெட்டியிலும்தான் போக முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அலுவலகம் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று அவரும் வந்தார். தாதரில் நான் இறங்கிவிட்டேன், அவரைக் காணவில்லை. தாதரில் இறங்குகிறவர் மாட்டுங்காவிலேயே வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததால், ஏறிய கூட்டம் அவரை உள்ளே தள்ளி, அடுத்த நிலையமான பரேலில்தான் விட்டது. இரைச்சலில் கைபேசி அடித்ததும் கேட்கவில்லை. இறங்கிவிட்டவர் நடைமேடையில் வண்டி விவரம் காட்டும் இண்டிகேட்டர் பலகைக்குக் கீழே அசையாமல் நிற்பது, தவறவிட்டவர் திரும்பி வருவது என்று அன்று மாலையே பேசிவைத்துக்கொண்டோம். நீங்களும் ஊர் சுற்றக் கிளம்புமுன் இப்படி ஒன்றைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு பெட்டிகளில் போனதால்தான் இந்த ஊர் எங்களுக்கு இரண்டு மடங்காகக் கிடைத்தது. மூன்று பேர் உட்காரும் பலகையின் நுனியில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்ளும் உரிமையும், "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டே ஒருவருடைய இருக்கையை அடுத்தவர் முன்பதிவு செய்துகொள்ளும் வழக்கமும் பெண்கள் பெட்டியின் எழுதாத சட்டங்கள். மாலையில் என் எதிரே உட்காரும் ஒரு மராத்தி அம்மாள் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள்ளேயே பட்டாணியை உரித்துக்கொண்டு வருவார். ஒரு தோல்கூடக் கீழே விழாது. கம்மலும் கொண்டை ஊசியும் விற்கிற பெண் ஏறினால், தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். தசராவுக்கு முந்தைய வேலை நாளில் பெட்டியெங்கும் சாமந்தி மாலை கட்டி இனிப்பு கொடுத்தபோது, நம் ஊர் ஆயுத பூஜை நினைவுக்கு வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவரின் பெட்டியிலோ தாளம் தட்டி பஜனை பாடும் குழு ஒன்று இருந்தது. அவர் அந்தப் பாட்டுகளோடும் வடாபாவ் கடைகளின் தரவரிசையோடும் வருவார்; நான் காய்கறி விலையோடும் வாடகை நிலவரத்தோடும் வருவேன். இரவுச் சாப்பாட்டின்போது இரண்டையும் கலந்து பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு திட்டம் வைத்தோம். காஞ்சூர்மார்க்கிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் வரை எங்கள் தடத்தில் 14 நிலையங்கள். வாரத்துக்கு ஒன்றில் இறங்கி, கால் வலிக்கும் வரை நடப்பது. பாஸ் இருப்பதால் வழியில் எங்கே இறங்கினாலும் தனிச் செலவில்லை, என்னுடைய பாஸ் தாதரோடு முடிந்துவிடுவதால் அதற்கப்பால் எனக்கு மட்டும் டிக்கெட் எடுப்போம். பராமரிப்புக்காக ஞாயிறுகளில் பாதையை அடைக்கும் 'மெகா பிளாக்' அறிவிப்பை முந்தைய நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபாஸ்ட் வண்டி எங்கள் நிலையத்தில் நிற்காது என்பதை மறந்து ஒருமுறை தாணே வரை போய்த் திரும்பியதும் உண்டு.

விக்ரோலி, வித்யாவிஹார் எல்லாம் சீக்கிரமே முடிந்தன. சயானில் ஒரு குன்றின் மேல் இடிந்த கோட்டை இருக்கிறது. ஆங்கிலேயரின் தீவுக்கும் போர்த்துக்கீசியரின் சால்செட் தீவுக்கும் ஒரு காலத்தில் அதுதான் எல்லையாம். மாட்டுங்காவுக்கு என்னை அனுப்பியவர் அந்தப் பட்டாணி அம்மாள்தான்: "நீ மதராசி, மாட்டுங்கா போகாமல் எப்படி?" மதராஸ் பக்கமே எங்கள் ஊர் இல்லை என்று விளக்க எனக்கு இந்தி போதவில்லை. 2017 முதல் முழுக்கப் பெண்களே நடத்தும் அந்த நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், முழம் போட்டு விற்கும் மல்லிகை. பூக்காரரிடம் நான் இந்தியில் தடுமாற, அவர் தமிழில் விலை சொன்னார். அன்று இரண்டு முழம் அதிகமாகவே வாங்கிவிட்டேன்.

பைகுலாவில் 1872-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது, இப்போது டாக்டர் பாவ் தாஜி லாட் பெயரில். எலிபென்டா தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான கல் யானை அதன் தோட்டத்தில்தான் நிற்கிறது என்று தெரிந்தபோது, படகேறித் தீவுக்குப் போய் யானையைத் தேடிய உறவினர்களை நினைத்துச் சிரித்தோம். மஸ்ஜித் நிலையத்தின் பெயர் பள்ளிவாசலால் வந்ததல்ல, 1796-இல் எழுந்த யூதர்களின் தொழுகைக் கூடத்தால் வந்தது என்பதும் அங்கே நடந்ததால்தான் தெரிந்தது.

பதினான்காவது ஞாயிறு முனையம். 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் கட்டி முடித்த அந்தக் கட்டடத்துக்குள் என் கணவர் தினமும் ஓடி வந்து ஓடிப் போகிறவர். வாசல் தூண்களில் ஒன்றில் சிங்கமும் மற்றொன்றில் புலியும் இருப்பதை அன்றுதான் நின்று பார்த்தார். 1853 ஏப்ரல் 16 அன்று, முனையத்துக்கு முன்பு அங்கே இருந்த போரி பந்தர் நிலையத்திலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனது எங்கள் வழியாகத்தான் என்று நான் சொன்னதும், "அன்றைக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும்" என்றார்.

வாடகைக் காரில் ஒரே நாளில் பத்து இடம் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்கு வருகிற விருந்தாளிக்கு அது சரி, குடியிருப்பவருக்கு உதவாது. கேட்வே ஆஃப் இந்தியாவுக்கே நாங்கள் நான்கு மாதம் கழித்துத்தான் போனோம்.

இப்போது இன்னொரு லோக்கல் ரயில் தடமான ஹார்பர் தடத்தில் இறங்கியிருக்கிறோம். அடுத்தது சிவ்ரி. நம் கோடியக்கரைக்கு வருவதைப் போலவே அங்கேயும் சேற்றுக் கடலோரத்துக்குப் பூநாரைகள் வரும். ஆனால் ஓத நேரம் பார்த்துப் போக வேண்டும் என்று பெட்டியில் ஒரு பெண் சொன்னார். என் கணவர் ஓத அட்டவணையை இறக்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.