சோயா சாஸும் வெண்ணெயும்: கேள்வி பதில்

அக்கா, பாஸ்தாவில் சோயா சாஸ் ஊற்றலாமா?

தாராளமாக. வெண்ணெயோடு அது அருமையாகச் சேரும். ஸ்பகெட்டி வெந்த தண்ணீரில் அரை கப் எடுத்து வையுங்கள். வெண்ணெயை உருக்கி, நசுக்கிய பூண்டு வாசம் விட்டதும் லைட் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, அப்புறம் அந்தத் தண்ணீர் கொஞ்சம். அதிலுள்ள மாவுச்சத்து வெண்ணெயைப் பிரியவிடாது. ஸ்பகெட்டியைப் போட்டு வாணலியை ஆட்ட ஆட்ட, மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் மறைந்து, சாறு ஒவ்வொரு இழையிலும் பளபளவென்று ஒட்டும். ஸ்பகெட்டி வேகும் தண்ணீரில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சோயா சாஸே உப்புதான்.

லைட்டா, டார்க்கா?

லைட் உப்புக்கும் சுவைக்கும், டார்க் நிறத்துக்கும். பெயரைப் பார்த்து லைட்டில் உப்பு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

கிரீம் சாஸில் போட்ட சிக்கன் ரப்பர் மாதிரி ஆகிறது.

கால் கிலோ மெல்லிய துண்டுகளுக்குச் சோள மாவு, லைட் சோயா இரண்டிரண்டு தேக்கரண்டி, எண்ணெய் ஒன்று. பிசறி 20 நிமிடம் வையுங்கள். சீனச் சமையல்காரர்களின் முறை இது. மாவுப்பூச்சு சூட்டைத் தணித்து ஈரத்தைக் காக்கும். தனியாக வதக்கிவிட்டு, கிரீமில் கடைசியில் சேர்த்துவிடுங்கள். உப்பு வேண்டாம்.

இது சீனமும் இல்லை, மேற்கத்தியமும் இல்லை. இந்தக் கலப்படத்துக்கு மரபு ஏது?

இருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. தென்சீனாவின் குவாங்சோ நகரில் தாய் பிங் கூன் உணவகம் 1860இல் தொடங்கியது. ஐரோப்பிய உணவைச் சீன நாக்குக்குச் சமைத்தார்கள். ஹாங்காங்கில் அந்தப் பாணிக்குப் பெயரே ‘சோயா சாஸ் மேற்கத்திய உணவு’. இனிப்புச் சோயாவில் வெந்த கோழி இறக்கை அங்கே ‘சுவிஸ் விங்ஸ்’. சுவிட்சர்லாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1917 புரட்சிக்குப் பின் ஷாங்காய்க்கு வந்த ரஷ்யர்கள் போர்ஷ்ட் சூப்பைக் கொண்டுவந்தார்கள். அது ஹாங்காங் போய்ச் சேர்ந்தபோது பீட்ரூட் போய் தக்காளி வந்திருந்தது.

பீட்ரூட் இல்லாத போர்ஷ்ட் போர்ஷ்ட்டே இல்லை!

ரஷ்ய, உக்ரைனியச் சமையலிலேயே பச்சைப் புளிக்கீரையில் செய்யும் போர்ஷ்ட் உண்டு, பீட்ரூட் இல்லாமலே. கெட்சப்பையும் பாருங்கள். அந்தச் சொல் தென்கிழக்குச் சீனாவின் ஹொக்கியன் மக்களின் மீன் சாஸ் பெயரிலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்பது. ஆங்கிலேயர் கைக்குப் போய்த் தக்காளி சாஸாக மாறி, திரும்பி வந்து கான்டனீஸ் இனிப்புப் புளிப்புப் பன்றிக்கறியில் உட்கார்ந்தது. இதில் எதை அசல் என்று நிறுத்துவீர்கள்? ஊர் விட்டு ஊர் போனவர்கள் கையில் கிடைத்ததை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். அதைக் கலப்படம் என்றால் எனக்கு மனசு ஒப்பாது.

எந்தச் சோயா சாஸ் போடுவது?

மேலே இரண்டாவது பதில்.

நல்லெண்ணெயில் ஸ்டேக் வறுக்கலாமா?

சீனச் சமையலின் வறுத்த எள் எண்ணெய் என்றால் வேண்டாம். அதிகச் சூட்டில் கசந்துவிடும். இறக்கியபின் நாலு சொட்டு.

பாஸ்தா ரொம்ப உப்பாகிவிட்டது, லைட் தானே ஊற்றினேன்?

இரண்டாவது பதிலைத் தயவுசெய்து படியுங்கள்.

ஹாங்காங்கின் பன்றி சாப்ஸ் பேக்டு ரைஸுக்கு எந்தச் சோறு?

ஆறிய சோறு, முட்டை போட்டு வதக்கியது. மேலே பொரித்த சாப்ஸ், தக்காளி சாஸ், சீஸ். 200 டிகிரியில், சீஸ் கொப்பளித்துப் பொன்னிறமாகும் வரை. சாப்ஸைச் சோயாவில் ஊறவைத்தீர்கள் என்றால் தக்காளி சாஸில் உப்பே போடாதீர்கள்.